பீரியட்ஸ் சமயத்தில் குடல் தொல்லை, கொலனோஸ்கோபி நார்மல், "டென்ஷன்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்து என்ன கேட்கணும்?

தாமிரபரணி:

கேள்வி தங்கச்சிக்காக. வயசு 26, கல்யாணம் ஆகலை. பீரியட்ஸ் வர்றதுக்கு 2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு 4-ம் நாள் வரை மோஷன் போறப்போ ஆசனவாய்க்குள்ள குத்துற வலி. முதல் 2 நாள் தண்ணியா போகும், அப்புறம் ஒரு வாரம் மலச்சிக்கல். வயிறு உப்பி சுடிதார் நாடாவைக் கட்ட முடியாது. சில மாசம் மலத்தோட லேசா ரத்தம். முன்னாடி அந்த நாட்களோட போயிடும். இப்போ நடு மாசத்துலயும் வலி எட்டிப் பார்க்குது.

எடுத்த டெஸ்ட்: வயிறு வழியா ஸ்கேன், அதுல இடது சினைப்பையில 3 செ.மீ. கட்டி, "ரத்தக் கட்டியா சாக்லேட் சிஸ்ட்டா தெரியலை, 6 வாரம் கழித்துப் பார்க்கவும்"னு எழுதியிருக்கு. சாக்லேட் சிஸ்ட்னா எண்டோமெட்ரியோசிஸ்ல, அதாவது கருப்பையோட உள்வரி மாதிரியான திசு கருப்பைக்கு வெளியில வளர்ற நோய்ல, சினைப்பைக்குள்ள பழைய ரத்தம் தேங்கி வர்ற கட்டியாம். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது) நார்மல். ரத்தத்துல சி.ஏ.125-ங்கிற புரத அளவு 58. ஹீமோகுளோபின் 9.8. கேஸ்ட்ரோ டாக்டர் ஐ.பி.எஸ். (புண்ணோ அழற்சியோ இல்லாம குடல் கூச்சப்படற தொல்லை), டென்ஷன்னு சொல்றார். பெண்கள் நல டாக்டர் "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்க. இன்னொருத்தர் சி.ஏ.125-ஐப் பார்த்துட்டு வயித்து டி.பி.யா இருக்கலாம், மருந்து ஆரம்பிச்சுப் பார்ப்போம்னு சொல்றார்.

இப்போ சாப்பிடறது: மெஃப்டால் ஸ்பாஸ், லாக்டுலோஸ் சிரப், இரும்பு மாத்திரை.

கொலனோஸ்கோபி நார்மல்னா குடல்ல எண்டோமெட்ரியோசிஸ் இல்லைன்னு அர்த்தமா? எந்த ஸ்கேனை, எப்படி எழுதிக் கேட்கணும்? அதுவரைக்கும் குடலை எப்படிச் சமாளிக்கிறது?

ஸ்கேன்மேசை:

முதல் கேள்விக்கு நேரடி பதில்: இல்லை, அப்படி அர்த்தம் இல்லை.

குடல் எண்டோமெட்ரியோசிஸ் வெளியில இருந்து உள்ளே போற நோய். குடலோட வெளிச்சுவர்ல ஒட்டி, தசை அடுக்குக்குள்ள இறங்கி, அங்கே கெட்டியா ஒரு முடிச்சா ஆகும். உள்பக்கத்துச் சளிச்சவ்வு வரைக்கும் துளைச்சு வர்றது அரிது. கொலனோஸ்கோபி கேமரா பார்க்கிறது அந்தச் சளிச்சவ்வை மட்டும்தான். பயாப்சியும் மேலாக்க எடுக்கிற சதைதான், அதுவும் பல சமயம் நார்மல்னே வரும். அதுக்காக எடுத்தது வீண்னு நினைக்காதீங்க. மலத்துல ரத்தம் வந்திருக்கு, அதனால குடல் அழற்சி, பாலிப் மாதிரி வேற காரணங்களைத் தள்ளி வைக்க அது உதவியிருக்கு. உள்பக்கம் சுத்தம், அவ்வளவுதான் அந்த ரிப்போர்ட் சொல்றது.

வயிறு வழியா எடுக்கிற ஸ்கேன்ல கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் சரியா தெரியாது. இந்த நோய் அதிகமா உட்கார்ற இடமே அதுதான். அதனால தேவைப்படறது யோனி வழி ஸ்கேன், அதுவும் எண்டோமெட்ரியோசிஸைத் தேடிப் பார்க்கிற ஸ்கேன். 2016-ல ஐடியா குழுன்னு சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து 4 படி வச்சாங்க: ஒண்ணு, கருப்பையும் சினைப்பைகளும்; ரெண்டு, எந்த இடத்தை அழுத்தினா வலிக்குது, சினைப்பை நகருதா இல்லை ஒட்டியிருக்கா; மூணு, ஸ்லைடிங் சைன்; கடைசியா மலக்குடல், கருப்பையைப் பின்பக்க எலும்போட பிடிச்சிருக்கிற யூட்ரோசேக்ரல் தசைநார், சிறுநீர்ப்பைன்னு ஒவ்வொரு இடத்துலயும் முடிச்சு இருக்கா. ஸ்லைடிங் சைன்னா, ப்ரோபை (உள்ளே வைக்கிற ஸ்கேன் கருவியை) மெதுவா அழுத்தும்போது மலக்குடல் கருப்பையோட பின்பக்கம் வழுக்கிப் போகணும். போகாம சேர்ந்தே நகர்ந்தா அங்கே ஒட்டிக்கிட்டிருக்குன்னு பொருள். சாதாரண ஸ்கேன்ல முதல் படியோட முடிச்சுடுவாங்க, அதனாலதான் "நார்மல்" வருது.

கல்யாணம் ஆகலைன்னா யோனி வழி ஸ்கேன் பேச்சையே பல சென்டர்ல எடுக்க மாட்டாங்க. கல்யாணம் மருத்துவ அளவுகோல் இல்லை. தங்கச்சிக்கு விருப்பம் இருக்கா, அந்தப் பரிசோதனை உடம்புக்கு ஒத்துக்குமாங்கிறதுதான் கேள்வி, அதைத் தனியா அவங்ககிட்டதான் கேட்கணும், கூட வந்தவங்ககிட்ட இல்லை. வேண்டாம்னா அதே ப்ரோபை வச்சு மலக்குடல் வழியா பார்க்கலாம், இல்லைன்னா இடுப்பு எம்.ஆர்.ஐ. இந்தக் கேள்விக்கு சி.டி. ஸ்கேன் அவ்வளவு உதவாது, மென்திசு வேறுபாடு அதுல தெளிவா வராது.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. குடல் அசைவை நிறுத்த ஹையோசின் ப்யூட்டைல்ப்ரோமைடு ஊசி போடுவாங்களான்னு முன்பதிவு பண்ணும்போதே கேளுங்க. அது போடலைன்னா குடல் அசைஞ்சு படம் மங்கிடும், சின்ன முடிச்சு தப்பிடும். கண் அழுத்தநோய் இருந்தா ஊசிக்கு முன்னாடி சொல்லணும். சிறுநீர்ப்பை பாதி நிரம்பி இருந்தா போதும். பீரியட்ஸ் நாள்லதான் எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

ரெஃபரல் சீட்டுல "பெல்விக் பெயின்"னு மட்டும் எழுதினா பொதுவான ரிப்போர்ட்தான் வரும். டாக்டரை இப்படி எழுதச் சொல்லுங்க: "டீப் எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மாதவிடாயோடு வரும் மலம் கழிக்கும் வலி. ரெக்டோசிக்மாய்டு, யூட்ரோசேக்ரல் லிகமென்ட், ஸ்லைடிங் சைன், இரு சிறுநீரகங்கள் பார்க்கவும்." ரெக்டோசிக்மாய்டுன்னா மலக்குடலும் அதுக்கு மேல வளைஞ்சிருக்கிற பெருங்குடல் பகுதியும். சிறுநீரகம் ஏன்னா, முடிச்சு சிறுநீர்க்குழாயை நெருக்கினா வலியே இல்லாம கிட்னி வீங்கிக் கெட்டுப் போகலாம். இது பலரும் விட்டுடற விஷயம், தயவுசெஞ்சு விடாதீங்க.

முடிச்சு தெரிஞ்சா ரிப்போர்ட்ல நீளம், தடிமன், ஆசனவாயில இருந்து எத்தனை செ.மீ. தூரம், குடல் குறுகியிருக்கா, எத்தனை முடிச்சுங்கிறது இருக்கணும். என்சியன் வகைப்பாடு (ஆழமான நோயை இடமும் அளவும் வச்சுப் பிரிக்கிறது) எழுதுறவங்களா இருந்தா மலக்குடல் முடிச்சு 1 செ.மீ.க்குக் கீழ சி1, 1 முதல் 3 வரை சி2, அதுக்கு மேல சி3. "ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 4"னு சொல்ற பழைய வகைப்பாடு குடலைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது.

அந்த 3 செ.மீ. கட்டி விஷயம் முக்கியம். ரத்தக் கட்டின்னா 6 முதல் 12 வாரத்துல கரைஞ்சிடும். அப்படியே இருந்தா சாக்லேட் சிஸ்ட் சந்தேகம் கூடுது, சாக்லேட் சிஸ்ட் இருக்கிறவங்களுக்கு ஆழமான நோயும் கூட இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மறுஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க.

சி.ஏ.125: சாதாரண மேல்வரம்பு 35. பீரியட்ஸ் நேரத்துல எடுத்தாலே ஏறும். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, வயித்து டி.பி. எல்லாத்துலயும் ஏறும். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தோட 2022 வழிகாட்டி எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்னே சொல்லுது. நம்ம ஊர்ல டி.பி.யை நினைச்சுப் பார்க்கிறது தப்பில்லை. ஆனா சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, வயித்துல நீர், நெறிக்கட்டி, சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல புண், இதுல எது இருக்கு? திசு எடுத்து சிபிநாட் (டி.பி. கிருமியோட மரபணுவைத் தேடற டெஸ்ட்) பண்ணாங்களா? 58-ங்கிற ஒரு எண்ணை வச்சு 6 மாச டி.பி. மருந்து ஆரம்பிக்கிறது சரியில்லை.

ஓ.பி.சீட்டு:

டாக்டர்கிட்ட எப்படிப் பேசறதுங்கிற பகுதியை நான் எடுத்துக்கறேன், நோயாளிகளுக்கு வழிகாட்டுற வேலை.

ஓ.பி.யில ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற நேரம் சில நிமிஷம்தான். "வயிறு வலிக்குது டாக்டர், ரொம்ப நாளா"ன்னு ஆரம்பிச்சா அந்த நேரம் வலி எங்கேன்னு கேட்கிறதுலயே போயிடும். ஒரே ஒரு தாள் தயார் பண்ணுங்க. 2 மாதவிடாய்ச் சுழற்சிக்கு, ஒரு நாளைக்கு ஒரு வரி: சுழற்சியோட எத்தனையாவது நாள், மோஷன் போறப்போ வலி 0-லிருந்து 10-க்கு எவ்வளவு, பொதுவான அடிவயித்து வலி தனியா எவ்வளவு, பிரிஸ்டல் அட்டவணைப்படி மலம் எந்த வகை (1 கட்டி கட்டியா, 4 நார்மல், 7 வெறும் தண்ணி), ரத்தம் உண்டா, எந்த மாத்திரை எத்தனை, வேலைக்குப் போக முடிஞ்சுதா. பீரியட்ஸ் நாட்களுக்கு மட்டும் சிவப்பு மையால பின்னணி கோடு போடுங்க. பார்த்த உடனே வலி எந்த நாட்கள்ல குவியுதுன்னு கண்ணுக்குத் தெரியும். சுழற்சியோட சேர்ந்து வருதுங்கிறது வாயால சொன்னா வாதம், தாள்ல இருந்தா மருத்துவக் குறிப்பு. இந்த வேறுபாட்டை நான் பெருசா மதிக்கிறேன்.

உள்ளே போனதும் முதல் வாக்கியம்: "பீரியட்ஸோட சேர்ந்து மலம் கழிக்கும்போது வலி, மலத்துல ரத்தம், சினைப்பையில கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் குடல்ல இருக்கான்னு தெரியணும்." வெட்கப்பட்டு "கீழே வலி"ன்னு சொன்னா சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதிடுவாங்க. உடலுறவு வலி பத்திக் கேட்டா தனியா பேசணும்னு சொல்லிக் கூட வந்தவங்களை வெளியே அனுப்பச் சொல்லலாம். ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடன் இருக்கணும்னு கேட்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளி உரிமைச் சாசனத்துலயே இருக்கு.

தட்டிக் கழிக்கிற பதில் வந்தா சண்டை வேண்டாம், கேள்வியைத் திருப்பி வைங்க.

"ஐ.பி.எஸ்.தான்"னு சொன்னா: "இருக்கலாம் டாக்டர். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்ல? எண்டோமெட்ரியோசிஸ் இல்லைன்னு எந்தப் பரிசோதனையை வச்சு முடிவு பண்றீங்க? அதைச் சீட்டுல எழுதித் தர முடியுமா?" எழுதச் சொன்னதும் பல பேர் ஒரு நிமிஷம் யோசிச்சு ஸ்கேனுக்கு எழுதறதைப் பார்க்கலாம்.

"குழந்தை பிறந்தா சரியாயிடும்"னு சொன்னா: மேல சொன்ன அதே 2022 வழிகாட்டி, எண்டோமெட்ரியோசிஸைக் குணப்படுத்துறதுக்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லாதீங்கன்னு டாக்டர்களுக்கு வெளிப்படையா அறிவுறுத்துது. கர்ப்ப காலத்துல சிலருக்கு வலி குறையும், பலருக்கு அப்புறம் திரும்பும். 26 வயசுப் பொண்ணோட வலிக்கு மருந்து மாப்பிள்ளை பார்க்கிறது இல்லை. இதைச் சொல்றதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

"லேப்ராஸ்கோபி பண்ணாம சொல்ல முடியாது, அதுவும் இந்த வயசுல எதுக்கு"ன்னு சொன்னா: லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டுக் கேமராவால பார்க்கிறதுதான் ஒரே வழிங்கிற நிலை மாறிடுச்சு. அறிகுறியும் ஸ்கேனும் வச்சு மருந்தை ஆரம்பிக்கலாம்.

ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல வைங்க. ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் இருக்கிற டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க, அடுத்த டாக்டர் அதைத்தான் பார்க்கணும். இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிப்படி நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பதிவுகளைத் தரணும். வாய்மொழியா கேட்டுக் கிடைக்கலைன்னா ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோங்க.

யாரைப் பார்க்கிறதுன்னா, லேப்ராஸ்கோபியும் எண்டோமெட்ரியோசிஸும் முக்கிய வேலையா வச்சிருக்கிற பெண்கள் நல மருத்துவர். போன்லயே கேட்டுடலாம்: "குடல் எண்டோமெட்ரியோசிஸ் கேஸ் பார்க்கிறீங்களா? கூட குடல் அறுவை நிபுணர் இருக்காரா?" இந்த ரெண்டுக்கும் தெளிவான ஆமாம் வரலைன்னா பஸ் ஏற வேண்டாம்.

மாத்திரைப்பெட்டி:

மருந்துக்கடைப் பக்கத்துல இருந்து எழுதறேன். தங்கச்சி சாப்பிடற மூணு மருந்தும் குடலைத் தொந்தரவு பண்ணக்கூடியது. அதைப் பிரிச்சுப் பார்க்காம எது நோய், எது மருந்துன்னு தெரியாது.

மெஃப்டால் ஸ்பாஸ்ல மெஃபனாமிக் ஆசிட் 250 மி.கி.யும் டைசைக்ளோமின் 10 மி.கி.யும் இருக்கு. மெஃபனாமிக் சிலருக்கு வயித்துப்போக்கைக் கொண்டுவரும், டைசைக்ளோமின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முதல் 2 நாள் தண்ணியா போறதுல மெஃபனாமிக்குக்குப் பங்கு இருக்கான்னு பார்க்க, அடுத்த சுழற்சியில டாக்டர்கிட்ட கேட்டு நாப்ராக்ஸனுக்கு மாத்திப் பார்க்கலாம். எந்த வலி மருந்தா இருந்தாலும் வலி உச்சிக்கு ஏறின பிறகு போட்டா பாதி பலன்தான். வலியை உண்டாக்குற ப்ரோஸ்டாக்ளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறதுதான் அதோட வேலை, ஏற்கெனவே உருவானதை அது அழிக்காது. அதனால வரப்போகுதுன்னு தெரிஞ்ச நாள்லயே, சாப்பாட்டுக்குப் பிறகு, நேரம் பார்த்து, அந்தச் சில நாளுக்கு மட்டும். டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் எதையும் இதோட சேர்க்கக்கூடாது; இடையில தேவைப்பட்டா பாராசிட்டமால் 650 மட்டும். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை இருந்தா இந்த வகையே டாக்டரைக் கேட்காம வேண்டாம். மெஃபனாமிக் சாப்பிடற நாட்கள்ல அல்லது அடுத்த சில வாரங்கள்ல காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரி போகணும். இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டிருக்கு.

லாக்டுலோஸ் குடல் கிருமிகள் புளிக்க வைக்கிற சர்க்கரை, அதனால வாயு. ஏற்கெனவே உப்புசம் இருக்கிறவங்களுக்கு அது எரியுற அடுப்புல விறகு. பாலிஎத்திலின் கிளைகால் பொடி 17 கிராமை ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடிக்கிறது வாயு குறைவு. வலி நாள்ல ட்ரமடால், கோடீன் கலந்த மாத்திரை கொடுத்தா மலச்சிக்கல் நிச்சயம், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. விளக்கெண்ணெய் கொடுக்கிற பழக்கம் வீட்ல இருந்தா இந்த நோய்ல வேண்டாம், குடலை முறுக்கி வலியைக் கூட்டும்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும், கெட்டியாக்கும். கருப்பு நிறத்தை மட்டும் பார்த்து ரத்தம்னு பயப்பட வேண்டாம். சிவப்பா வந்தா கணக்குல எடுங்க. தினமும் ரெண்டு வேளை போடறதை விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டா ஒவ்வொரு மாத்திரையிலயும் உறிஞ்சப்படற அளவு கூடும், வயித்துத் தொல்லை குறையும். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேர இடைவெளி. 9.8-ங்கிறது சும்மா விடற அளவு இல்லை. ஒத்துக்கவே இல்லைன்னா நரம்பு வழி இரும்பு உண்டு.

டாக்டர் ஹார்மோன் ஆரம்பிச்சா பெரும்பாலும் டயனோஜெஸ்ட் 2 மி.கி., தினமும் ஒரே நேரம், இடைவெளி இல்லாம. முதல் 3 மாசம் சொட்டுச் சொட்டா ரத்தம் படறது சகஜம், அதைப் பார்த்து நிறைய பேர் நிறுத்திடறாங்க. அதுதான் இந்த மருந்து "வேலை செய்யலை"ன்னு பேர் வாங்கற முக்கியக் காரணம். மாத்திரை போட்டு 3-4 மணி நேரத்துக்குள்ள வாந்தியோ பலமான வயித்துப்போக்கோ வந்தா இன்னொண்ணு போடணும். மனச்சோர்வு முன்னாடி இருந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஈரல் நோய், ரத்தக்கட்டு இருந்தா கூடாது. டி.பி. மருந்து பேச்சு வந்ததால ஒண்ணு: ரிஃபாம்பிசின் இந்த ஹார்மோனை ஈரல்ல வேகமா கரைச்சிடும், ரெண்டும் ஒண்ணா ஓடினா டயனோஜெஸ்ட் பலன் குறையும்.

மலத்துல கால்புரொடெக்டின் டெஸ்ட் எழுதினா, குடல் அழற்சி நோயை ஐ.பி.எஸ்.லிருந்து பிரிக்க நல்ல டெஸ்ட்தான், ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ நார்மல். ஆனா வலி மாத்திரை அதை ஏத்திக் காட்டும். முடிஞ்சா 2 வாரம் வலி மாத்திரை இல்லாத இடைவெளியில, பீரியட்ஸ் ரத்தம் கலக்காத நாள்ல கொடுங்க.

தாமிரபரணி:

எல்லாருக்கும் மனசார நன்றி. லாக்டுலோஸ் விஷயம் யாருமே சொல்லலை. சாப்பாட்டுல வெங்காயம், பூண்டை நிறுத்தச் சொல்லி எங்கேயோ படிச்சா, ஆனா சாம்பார்ல இருக்கிற வெங்காயத்தை ஒதுக்கி வச்சும் உப்புசம் குறையலை. கோதுமையும் நிறுத்தணுமா?

அஞ்சறைப்பெட்டி:

ஒதுக்கி வச்சா பலன் இல்லாததுக்குக் காரணம் இருக்கு. வெங்காயம், பூண்டுல இருக்கிற ஃப்ரக்டான் (குடல்ல செரிக்காம புளிச்சு வாயு உண்டாக்குற ஒரு சர்க்கரைச் சத்து) தண்ணியில கரையும். சாம்பார் கொதிக்கும்போதே அது குழம்புக்குள்ள இறங்கிடும், துண்டை மட்டும் எடுத்து என்ன பயன். ஆனா அது எண்ணெயில கரையாது. நல்லெண்ணெயில பூண்டை முழுசா போட்டுச் சிவக்க விட்டு, தண்ணி எதுவும் சேர்க்கிறதுக்கு முன்னாடி பூண்டை எடுத்துட்டு, அந்த எண்ணெயில தாளிச்சா மணம் கிடைக்கும், தொல்லை இல்லை. அன்னன்னைக்குச் செஞ்சு தீர்த்துடணும், பூண்டு எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது பாதுகாப்பு இல்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளோட பச்சைப் பகுதி.

இது குறை ஃபாட்மேப் உணவுமுறை, அதாவது இந்த மாதிரி குடல்ல புளிக்கிற சர்க்கரை வகைகளைக் குறைக்கிறது, ஆஸ்திரேலியாவோட மோனாஷ் பல்கலைக்கழகத்துல உருவானது. 2017-ல வெளியான நியூசிலாந்து ஆய்வுல, ஐ.பி.எஸ். இருந்த பெண்கள்ல எண்டோமெட்ரியோசிஸும் இருந்தவங்கள்ல 72% பேருக்கு 4 வாரத்துல குடல் தொல்லை பாதிக்கு மேல குறைஞ்சது. எண்டோமெட்ரியோசிஸ் இல்லாதவங்கள்ல 49%. பழைய பதிவுகளை வச்சுப் பண்ணின ஆய்வு, அதை மனசுல வச்சுக்கணும். இது குடலோட கூச்சத்தைக் குறைக்கும், முடிச்சைக் கரைக்காது.

கோதுமையை நிறுத்துறதுக்கு முன்னாடி சீலியாக் (கோதுமையில இருக்கிற குளூட்டன் குடலைக் கெடுக்கிற நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க. நிறுத்தின பிறகு எடுத்தா பொய்யா நார்மல் வரும்.

நம்ம சமையல்ல ஒளிஞ்சிருக்கிறதுதான் சிக்கல். தேங்காய்ச் சட்னியில பொட்டுக்கடலை, அது கொண்டைக்கடலைதான், வாயு. பதிலா வறுத்த வேர்க்கடலை. கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும், சிட்டிகை பெருசா பாதிக்காது, சீலியாக்னா மட்டும் கூடாது. துவரம்பருப்பை ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு, வெந்த தண்ணியையும் இறுத்துட்டு, கால் கப்போட நிறுத்தணும். பால் நிறைய விட்ட காபி ரெண்டு வகையில குடலைத் தூண்டும், லாக்டோஸ் ஒண்ணு, காபி ஒண்ணு. மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, காலிஃபிளவர், காளான், ராஜ்மா இந்த 4 வாரம் வேண்டாம். சோறு, இடியாப்பம், கேழ்வரகு, முட்டை, மீன், கோழி, கேரட், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கீரை, பப்பாளி, ஆரஞ்சு, நல்லாப் பழுக்காத வாழைப்பழம் இருக்கு, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இட்லி பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும்.

4 வாரம், அதிகபட்சம் 6. அதுக்கு மேல இழுத்தா நல்ல கிருமிகளும் குறையும், சத்தும் குறையும். அப்புறம் ஒவ்வொரு வகையா திரும்பச் சேர்க்கணும்: பால்னா முதல் நாள் கால் டம்ளர், அடுத்த நாள் அரை, மூணாவது நாள் முழுசு, பிறகு 2 நாள் இடைவெளி விட்டு அடுத்த வகை. இந்தச் சோதனையைச் சுழற்சியோட 7-ம் நாளுக்கும் 20-ம் நாளுக்கும் நடுவுல மட்டும் பண்ணுங்க. பீரியட்ஸ் பக்கத்துல பண்ணினா எதைச் சாப்பிட்டாலும் உப்பும், பால் மேல வீண் பழி விழும். எடை ஏற்கெனவே குறைவா இருந்தா, சாப்பாட்டு மேல பயம் இருந்தா, டயட்டீஷியன் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

இசப்கோல் பத்தி யாராவது சொல்லுவாங்க. ஒரு டீஸ்பூன், 250 மி.லி. தண்ணி, கலக்கின உடனே குடிக்கணும், ஒரு வாரம் கழிச்சு ரெண்டு. ஆனா குடல் குறுகியிருக்கலாம்னு சந்தேகம் இருக்கிற வரைக்கும் ஸ்கேன் வர்றதுக்கு முன்னாடி தொடாதீங்க, குறுகின இடத்துல போய் அடைச்சுக்கும்.

இடுப்புத்தசை:

பிசியோதெரபி. வருஷக்கணக்கா வலியை எதிர்பார்த்து இடுப்புத் தளத்தசை இறுகியே இருக்கும். முக்கும்போது திறக்க வேண்டிய தசை மூடிக்கும், அதனால பேதி மருந்து கொடுத்தாலும் முழுசா போகாது. இவங்களுக்கு கெகல் (அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கிற) பயிற்சி சொல்லிக் கொடுக்காதீங்க, இறுக்கம் இன்னும் கூடும். வேண்டியது தளர்த்துற பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, மூச்சை இழுக்கும்போது வயிறும் ஆசனவாய்ப் பகுதியும் கீழ்நோக்கி விரியற மாதிரி, 5 நிமிஷம், காலை மாலை.

இந்திய டாய்லெட் இதுக்கு நல்லது. வெஸ்டர்ன்னா காலுக்குக் கீழ 20 செ.மீ. உயர முக்காலி, முழங்கால் இடுப்பை விட மேல, முன்னால சாய்ஞ்சு, மூச்சை வெளியே விட்டபடி. 10 நிமிஷத்துக்கு மேல உட்காரக் கூடாது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணிக்குள்ள போங்க, பெருங்குடல் அப்போதான் தானா அசையும். வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்தி 20 நிமிஷம். நேரடியா வச்சுப் பழகினா தோல்ல வலை மாதிரி கருமை விழும்.

தையல்கூடம்:

ஆபரேஷன் பேச்சு வரும், அதுக்கு முன்னாடியே சிலது தெரிஞ்சிருக்கட்டும். முடிச்சு இருக்குங்கிறதுக்காக மட்டும் யாரும் குடலை வெட்ட வேண்டியதில்லை. மருந்துல வலி அடங்கினா, குடல் குறுகலைன்னா, சிறுநீரகம் நல்லா இருந்தா கண்காணிச்சே இருக்கலாம். நார்த்திசு ஆகி குடலை நெருக்கினதை எந்த ஹார்மோனும் விரிக்காது, அங்கே கத்திதான்.

மூணு அறுவை முறை இருக்கு. குடல் சுவர்ல இருந்து முடிச்சைச் சீவி எடுக்கிறது. வட்டமா ஒரு துண்டு எடுத்துத் தைக்கிறது, சுமார் 3 செ.மீ. வரைக்கும். அந்தக் குடல் பகுதியையே வெட்டி இணைக்கிறது, பெரிய முடிச்சுக்கும் பல முடிச்சுக்கும். மூணாவதுல இணைப்பு கசியற ஆபத்து கூடுதல். ஆசனவாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு கூடும். அப்புறம் அடிக்கடி, அவசரமா மலம் வர்ற தொல்லையும், சில பேருக்குச் சிறுநீர் முழுசா வெளியேறாத தொல்லையும் வரலாம். மலம் வெளியேற தற்காலிகமா வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்.

அதனால கேட்க வேண்டியது: மூணுல எது, ஏன் அது? குடல் நிபுணர் அன்னைக்கு தியேட்டர்ல இருப்பாரா, கூப்பிட்டா வருவாரா? சுட்டுப் பொசுக்குவீங்களா, வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவீங்களா? பை வைக்க எவ்வளவு வாய்ப்பு, எப்போ எடுப்பீங்க? சினைப்பைக் கட்டியையும் எடுத்தா முட்டை இருப்பு எவ்வளவு குறையும், முன்கூட்டி ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்க்கணுமா? "சும்மா லேப்ராஸ்கோபி போட்டுப் பார்ப்போம்"னு சொல்ற இடத்துல, குடல்ல இருந்தா அன்னைக்கே எடுக்கத் தயாரான்னு கேளுங்க. இல்லைன்னா பார்த்துட்டு மூடி, மறுபடி ஒரு தடவை வயித்தைத் திறக்க வேண்டியதாகும், ஒட்டல்கள் கூடும்.

லண்டன்_மழை:

இங்கே இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்காக ஒரு வரி. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடற நைஸ் அமைப்போட என்.ஜி.73 வழிகாட்டி, உடல் பரிசோதனையோ அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ நார்மல்னு வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லைன்னு முடிவு கட்டக் கூடாதுன்னு சொல்லுது. ஜி.பி. (குடும்ப டாக்டர்) மறுத்தா அந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம். பெரிடோனியத்துல (வயித்து உள்சவ்வுல) மேலாக்கப் படர்ற நோய் எந்த ஸ்கேன்லயும் தெரியாமப் போகலாம், அதனால இது ஊர்ல இருக்கிறவங்களுக்கும் பொருந்தும்.

தாமிரபரணி:

மறுஸ்கேனுக்கு மேல சொன்ன வரியை அப்படியே எழுதித் தர ஒரு டாக்டர் சம்மதிச்சிருக்காங்க. தங்கச்சி எம்.ஆர்.ஐ.யே போதும்னு சொல்லிட்டா. கடைசியா ஒண்ணு: எந்த நிலையில ஓ.பி.க்குக் காத்திருக்காம நேரா எமர்ஜென்சி போகணும்?

ஸ்கேன்மேசை:

வாயுவும் மலமும் ரெண்டுமே போகாம வயிறு உப்பி வாந்தி வந்தா, அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும். அது குடல் அடைப்பு, வீட்ல பேதி மருந்து எதுவும் கொடுக்காதீங்க. காய்ச்சலோட விலாப்பக்கம் வலி, அல்லது சிறுநீர் சட்டுனு குறைஞ்சா. மலத்துல கட்டி கட்டியா ரத்தம், தலைசுத்தல். திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத அடிவயித்து வலியோட வாந்தி, சினைப்பைக் கட்டி முறுக்கிக்கிட்டோ வெடிச்சோ இருக்கலாம். எமர்ஜென்சியில முதல்லயே "எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், இடது சினைப்பையில 3 செ.மீ. கட்டி, இந்தந்த மாத்திரை சாப்பிடறா"ன்னு சொல்லி ஃபைலைக் கையில கொடுங்க.

வாரக்கணக்குல கவனிக்க வேண்டியது வேற: ராத்திரி தூக்கத்துல எழுப்பற வயித்துப்போக்கு, காரணமில்லாம எடை குறையறது, மலம் பென்சில் மாதிரி மெலிஞ்சு போறது. இது எமர்ஜென்சி இல்லை, ஆனா அடுத்த மாசம் வரைக்கும் தள்ளாம கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட திரும்பப் போங்க, எம்.ஆர்.ஐ. படங்கள் இருக்கிற டிஸ்க்கை எடுத்துக்கிட்டு.